பசித்தீயை வென்ற ஸ்ரீ சமந்தபத்திர ஆசாரியர்

புதுச்சேரியிலிருந்து மயிலம் நோக்கிச் செல்லும் சாலையில், வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு என்னும் ஊர் உள்ளது. ஒருபுறம் தொழிற்பேட்டையின் ஆலைகளும் மறுபுறம் பழைய குடியிருப்புகளுமாக விளங்கும் அவ்வூரில், எமக்கு வேண்டிய ஓர் இல்லத்திற்குச் சென்ற கார்காலத்தில் யாம் சென்றிருந்தோம். அங்குக் கண்ட நிகழ்ச்சியே இவ்வரலாற்றை எழுத எம்மைத் தூண்டியது.

அவ்வில்லத்து மூதாட்டியார் எழுபது வயதைக் கடந்தவர். நீரிழிவுக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவர். வயிற்றைத் தூய்மை செய்துகொள்ள எண்ணிச் சப்தமியன்று விளக்கெண்ணெய் உட்கொண்டார். மறுநாள் அட்டமி ஆதலின், வழக்கம்போல் உபவாசமும் ஏற்றார். நவமியன்று காலை, பூசைக்கு மலர் பறிக்கத் தோட்டத்திற்குச் சென்றவர் மயங்கி விழுந்தார். நற்காலமாக உடனே கவனிக்கப்பட்டு நலமடைந்தார். அதே இல்லத்தில், தொழிற்பேட்டையில் பணிபுரியும் அவருடைய பேரன், ஏழு நாள் சோறின்றிச் சாறு மட்டும் பருகி உடம்பிலுள்ள நஞ்சையெல்லாம் வெளியேற்றப் போவதாக முனைந்திருந்தார். பாட்டியார் தம் செயல் அறநூல் வழிப்பட்டது என்றார். பேரன் தம் செயல் ஆயுர்வேத வழிப்பட்டது என்றார்.

பாட்டியார் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். நோயுற்ற காலத்தில் உண்பது விரதத்திற்குக் குற்றமன்றோ, உடல் வாடினாலும் உணவை மறுப்பதன்றோ தவம் என்று அவர் வினவினார். இக்கேள்வியை நம் சமயத்தின் மாபெரும் ஆசாரியர் ஒருவர் தம் உயிரையே முன்வைத்துத் தம் குருவிடம் கேட்டார். அவர் பெற்ற விடையும், அவ்விடையின்படி வாழ்ந்து பின்னர் அவர் நமக்கு வகுத்தளித்த நெறியும், இன்று இல்லந்தோறும் உணவால் உடலைத் தூய்மை செய்ய விழைவோர் அறிந்திருக்க வேண்டியவை. அவ்வாசாரியர்தாம் காஞ்சி மாநகர் தந்த ஸ்ரீ சமந்தபத்திரர்.

காலமும் பிறப்பும்

சமந்தபத்திரர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர் என்பது நம் மரபினர் பலரின் கொள்கை. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் எனக் கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். பூஜ்யபாதர் தம் ஜைனேந்திர வியாகரணத்தில் இவர் பெயரைக் குறித்துள்ளமையால், அவருக்கு முற்பட்டவர் எனக் கொள்வது பெரும்பான்மையோர் துணிபு.

ஆப்தமீமாம்சையின் ஏட்டுச்சுவடி ஒன்றன் இறுதிக்குறிப்பு, பணிமண்டலத்து உரகபுரத்து அரசரின் மைந்தர் என இவரைக் கூறுகிறது. உரகபுரம் என்பது நம் உறையூரே என்பார் சிலர். ஸ்துதிவித்யை என்னும் இவரது நூலின் இறுதிச் சக்கரக் கவியிலிருந்து சாந்திவர்மர் என்னும் பெயர் பெறப்படுதலின், அதுவே இவரது இயற்பெயராகலாம் என்பர். எவ்வாறாயினும், அரச வாழ்வினும் அறவாழ்வே சிறந்ததெனத் தேர்ந்து, திகம்பர முனிவராகத் தீட்சை பெற்றுக் காஞ்சியைத் தமக்குரிய நகராகக் கொண்டு வாழ்ந்தார் என்பதில் மரபு ஒருமித்து நிற்கிறது. இன்று திருப்பருத்திக்குன்றம் எனப்படும் ஜினகாஞ்சியில் வழிபடச் செல்லும் நம்மவர்க்கு, அவ்வாசாரியர் நடந்த மண்ணில் நடக்கிறோம் என்னும் நினைவு எழுதல் இயல்பே.

யானைத்தீ

இளமையிலேயே கல்வியிலும் ஒழுக்கத்திலும் சிறந்து, முனிசங்கத்தார் போற்ற வாழ்ந்துவந்த காலத்தில் அவரைப் பஸ்மகம் என்னும் நோய் பற்றியது. மணிமேகலையில் காயசண்டிகை என்பாளை வாட்டிய யானைத்தீ என்னும் தீராப்பசி நம்மவர் அறிந்ததே. அத்தகைய நோய் என இதனைக் கருதலாம். உண்டதெல்லாம் நெருப்பில் இட்ட பஞ்சுபோல் நொடியில் எரிந்துபோகும். மீண்டும் பசி மூளும்.

ஆயுர்வேத நூலார் இதற்குக் காரணம் கூறுவர். உடலில் கபம் குன்றிப் பித்தம் மிகுந்து, வாயுவும் அதனோடு சேருமாயின், வயிற்றிலுள்ள செரிமானத் தீ அளவு கடந்து எரியும். முதலில் அது உண்ட உணவை எரிக்கும். உணவு இல்லையேல் உடலின் தாதுக்களையே எரிக்கத் தொடங்கும். விறகற்ற அடுப்பு வீட்டையே பற்றுவது போன்றது இது. இந்நோய்க்குச் சரக சம்ஹிதை கூறும் மருத்துவம், பட்டினிக்கு நேர்மாறானது. நெய், பால், பாயசம் போன்ற குளிர்ந்த, இனிய, செரிப்பதற்கு அரிய உணவுகளை மிகுதியாகவும் அடுத்தடுத்தும் அளித்தல் வேண்டும்; மிகுந்த பித்தத்தைச் சிவதை சேர்த்துக் காய்ச்சிய பாலால் பேதியாக்கி வெளியேற்றவும் வேண்டும் என்பது அதன் விதி. தூய்மை செய்தலும் ஊட்டுதலும் ஒருங்கே வேண்டப்படும் நோய் இது.

திகம்பர முனிவரின் நிலையை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளுக்கு ஒரே வேளை, நின்ற நிலையில், கையே கலமாக, இல்லறத்தார் முறைப்படி அளிப்பதை மட்டும் உண்பவர் அவர். இடையூறு ஏதேனும் நேர்ந்தால் அன்று அவ்வொரு வேளை உணவும் இல்லை. எனக்கு இது வேண்டும் எனக் கேட்பதற்கு அவர் நெறியில் இடமில்லை. அத்தகையவரை இந்நோய் பற்றிற்று. விரதத்தைக் காத்தால் நோய் தீராது. நோயைத் தீர்க்க முற்பட்டால் விரதம் நில்லாது.

குருவின் மறுப்பு

சமந்தபத்திரர் தம் குருவை அடைந்தார். உடல் தவத்திற்குத் துணை செய்யாத நிலை எய்திவிட்டமையால், உணவைப் படிப்படியே துறந்து உயிர் நீக்கும் சல்லேகனைக்கு இசைவளிக்குமாறு வேண்டினார். தமிழ் மரபில் வடக்கிருத்தலோடு ஒப்புநோக்கப்படும் இவ்விரதம், முனிவர்க்கும் இல்லறத்தார்க்கும் இறுதிக்கால அணிகலன் எனப் போற்றப்படுவது. வேண்டியவரோ மாசற்ற ஒழுக்கமுடையவர். எனினும் குரு இசையவில்லை.

இவரால் ஜினதருமம் ஓங்கவேண்டிய காலம் இனிமேல்தான் வரவிருக்கிறது என்பதைக் குரு உணர்ந்தார் என்று கதைநூல்கள் கூறும். ஆதலின், முனிக்கோலத்தைச் சிலகாலம் விடுத்து, எங்கு எவ்வாறு நிறைவான உணவு கிடைக்குமோ அங்குச் சென்று உண்டு, நோய் நீங்கியபின் மீண்டும் தீட்சை பெறுமாறு ஆணையிட்டார்.

இவ்வாணையின் கடுமையை நாம் உணர்தல் வேண்டும். உயிரைத் துறப்பது சமந்தபத்திரருக்கு எளிதாயிருந்தது. கோலத்தைத் துறப்பதே அரிதாயிருந்தது. ஊரார் போற்ற உண்ணாதிருந்து புகழோடு மறைவதை விடுத்து, ஊரார் பழிக்கத் துறவை நீக்கி உண்டு வாழ்வதை அவர் ஏற்றார். தம் விருப்பத்தினும் குருவின் ஆணை பெரிதென்று கொண்ட அப்பணிவையே அவருடைய தவங்களுள் முதன்மையானதாக யாம் கருதுகிறோம்.

சிவாலயத்து அன்னம்

அதன்பின் நடந்தவற்றைக் கதைநூல்கள் சிறிது வேறுபடக் கூறுகின்றன. பிரபாசந்திரர், நேமிதத்தர் ஆகியோரின் கதாகோசங்கள், அவர் பல நாடுகளில் பல சமயத் துறவியரின் கோலம் பூண்டு திரிந்து, இறுதியில் வாரணாசியில் சிவாலயம் ஒன்றை அடைந்தார் எனக் கூறும். 19ஆம் நூற்றாண்டில் தேவசந்திரர் கன்னடத்தில் இயற்றிய இராஜாவளி கதையோ, அவ்வாலயம் காஞ்சியிலிருந்த பீமலிங்கக் கோயில் என்கிறது. மன்னன் பெயர் சிவகோடி என்பதில் இரண்டும் ஒத்துள்ளன.

அக்கோயிலில் நாள்தோறும் பெருந்திரளான அன்னமும் நெய்யும் பாலும் இனிய பண்ணியங்களும் படைக்கப்பட்டன. சமந்தபத்திரர் மன்னனை அடைந்து, படைத்த உணவனைத்தையும் இறைவனே உண்ணுமாறு செய்வேன் எனக் கூறி இசைவு பெற்றார். கருவறைக் கதவை அடைத்து, உள்ளிருந்து தாமே அவ்வுணவை உண்டார். முதல் நாள் ஒரு பருக்கையும் எஞ்சவில்லை. மன்னன் மகிழ்ந்து மேலும் சிறந்த உணவுகளை அனுப்பினான். நோயை நாளும் வளர்த்த தீ, உரிய உணவு உரிய அளவில் கிடைத்ததும் மெல்லத் தணியலாயிற்று. நாட்கள் செல்லச் செல்ல உணவு எஞ்சியது. எஞ்சும் அளவும் பெருகியது. மீந்த சோறே நோய் தீர்ந்துவருவதன் அளவுகோலாயிற்று. அதுவே அவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது.

மன்னன் ஐயுற்றான், உண்மை வெளிப்பட்டது. கோயில் இறைவனை வணங்குமாறு மன்னன் பணித்தபோது, சமந்தபத்திரர் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் முறையே போற்றிப் பாடத் தொடங்கினார். எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரப பகவானைப் பாடியபோது அப்பகவானின் திருவுருவம் அங்குத் தோன்றியது என்றும், அப்பாடலே இன்று நாம் ஓதும் சுயம்பு தோத்திரம் என்றும் மரபு கூறும். மன்னன் ஜினநெறியை ஏற்றுத் துறவும் பூண்டான். சல்லேகனை பற்றிய பெருநூலாகிய பகவதி ஆராதனையை இயற்றியவர் அச்சிவகோடியே என்பாரும் உளர். ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஒப்புவதில்லை.

இக்கதையில் நாம் மறைக்கத்தகாத இரண்டு உண்மைகள் உள. கதவை அடைத்துக்கொண்டு பிறர் படைத்ததை உண்டது வாய்மைக்கு இழுக்கு என்பதை நம் முன்னோர் உணர்ந்தே இருந்தனர். அதனாலன்றோ, நோய் தீர்ந்தபின் அவர் குருவை அடைந்து, உரிய கழுவாய் செய்து, புதிதாகத் தீட்சை பெற்றார் என்று கதையை முடித்தனர். இரண்டாவது, பிற சமயத்தார் தம் இறைவனுக்கு அன்போடு படைத்த அன்னமே நம் ஆசாரியரின் உயிரைக் காத்தது. அவ்வன்னம் இல்லையேல் இரத்தின கரண்டகமும் இல்லை, தேவாகமமும் இல்லை. பிற சமயத்தாரோடு அண்டை வீட்டாராய் வாழும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி இது.

கதைகள் மட்டுமன்றிக் கல்லும் இதற்குச் சான்று கூறுகிறது. சிரவணபெளகொளத்தில் கி.பி. 1129ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற மல்லிசேணப் பிரசஸ்தி, பஸ்மக நோயை வென்றவர் என்றும், பத்மாவதி தேவியின் அருள் பெற்றவர் என்றும், சந்திரப்பிரபரை மந்திர மொழியால் வரவழைத்தவர் என்றும் சமந்தபத்திரரைப் போற்றுகிறது. அக்கல்வெட்டோ, மல்லிசேண முனிவர் சல்லேகனையால் உயிர் நீத்ததை நினைவுகூர எழுப்பப்பட்டது. உணவைத் துறந்து மறைந்த ஒருவரின் நினைவுக்கல்லில், உணவை உண்டு பிழைத்த ஒருவரின் புகழும் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டும் ஓரறத்தின் இரு முகங்கள் என்பதை அன்றையோர் அறிந்திருந்தனர்.

வாதமும் நூல்களும்

மீண்டும் துறவு பூண்ட சமந்தபத்திரர், பாடலிபுத்திரம், மாளவம், சிந்து, டக்கம், காஞ்சி, விதிசை முதலிய இடங்களில் வாதமுரசு அறைந்து வென்று, பின்னர்க் கரகாடகத்தை அடைந்தார் என்று அப்பிரசஸ்தி கூறும். கரகாடகம் என்பது இன்றைய மகாராட்டிர மாநிலத்துக் கராடு நகரமாகும். நடக்கவும் இயலாது வாடிய உடல், நோய் தீர்ந்தபின் பாரத நாட்டின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே சுற்றிவந்தது. குரு அன்று மறுத்ததன் பயன் இதுவே.

ஆப்தமீமாம்சை எனப்படும் தேவாகமம், யுக்தியனுசாசனம், சுயம்பு தோத்திரம், ஸ்துதிவித்யை, இரத்தின கரண்டக சிராவகாசாரம் என்னும் ஐந்து நூல்கள் இன்று நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் ஆப்தமீமாம்சைக்கு அகளங்கர் அட்டசதியும், அதன்மேல் வித்தியானந்தர் அட்டசகஸ்ரியும் இயற்றினர். 150 சுலோகங்களால் ஆகிய இரத்தின கரண்டகமோ இல்லறத்தார்க்கென்றே எழுந்தது. அதனைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. வடமொழி அறியாத நம் பாட்டன் பாட்டியரும் ஆசாரியரின் நெறியை அறிந்தது இதனாலேயே.

இவையன்றி, மருத்துவத்தின் எட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கும் நூலொன்றையும் சமந்தபத்திரர் அருளினார் என்று உக்கிராதித்தர் குறிப்பிடுகிறார். இவர் 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கர் காலத்தில் வாழ்ந்த சமண மருத்துவர். கல்யாணகாரகம் என்னும் பெருநூலின் ஆசிரியர். சமந்தபத்திரர் விரித்ததையே தாம் சுருக்கித் தருவதாக அவர் கூறுகிறார். மதுவும் மாமிசமும் தேனும் இன்றியே மருத்துவம் செய்யலாகும் என்பதை நிறுவியது கல்யாணகாரகத்தின் சிறப்பு. புலால் உணவால் பயனில்லை என்று மன்னரின் அவையிலேயே உக்கிராதித்தர் எடுத்துரைத்தார். 1940இல் சோலாப்பூரில் இந்நூல் இந்தி உரையுடன் அச்சேறியது. பதினான்கு பூர்வங்களுள் பன்னிரண்டாவதாகிய பிராணாவாயம் மருத்துவம் பற்றியதே ஆதலின், உடலைப் பேணும் கல்வி நம் ஆகமத்திற்குப் புறம்பானதன்று.

நோயால் கற்றவை

இரத்தின கரண்டகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு, அதன் ஆசிரியர் யானைத்தீயின் வேதனையை அறிந்தவர் என்பது பல இடங்களில் புலனாகும். அவற்றுள் நான்கை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சல்லேகனைக்கு அவர் வகுத்த எல்லை. விலக்கலாகா இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தபோது அறத்தின்பொருட்டு உடலை விடுதலே சல்லேகனை என்று கூறும்போது, அவற்றிற்கு மாற்று இல்லாத நிலை என்னும் அடைமொழியைச் சேர்க்கிறார். மாற்று உள்ள நோய்க்கு மருந்தே முறை. உயிர் துறத்தல் முறையன்று. தம் குருவின் மறுப்பையே அவர் ஒரு சொல்லில் இலக்கணமாக்கிவிட்டார் என்று யாம் கொள்கிறோம்.

இரண்டாவது, சல்லேகனையிலும் அவர் விரைவை விலக்குகிறார். முதலில் திட உணவைக் குறைத்துப் பால் போன்ற நெய்ப்புள்ள பானத்தைப் பெருக்குதல். பின்னர் அதனையும் குறைத்துக் காடி நீர், வெந்நீர் முதலியவற்றிற்கு வருதல். அதன்பின்பே வலிமைக்கேற்ப உபவாசம் என்று படி வகுக்கிறார். இறுதி விரதத்திலும் வலிமைக்கேற்ப என்னும் சொல் நிற்கிறது எனின், அட்டமி உபவாசத்திற்கு அது பொருந்தாதோ?

மூன்றாவது, உபவாச நாளில் விலக்கத்தக்கவற்றைக் கூறுமிடத்து, ஐந்து பாவங்களோடு அணிகலன், தொழில், நறுமணம், மலர், நீராட்டு, கண்மை ஆகியவற்றையும் கூறி, நசியத்தையும் சேர்க்கிறார். மூக்கின் வழி மருந்திடும் நசியம், ஆயுர்வேதத்தின் ஐந்து தூய்மை முறைகளுள் ஒன்று. வமனம், விரேசனம், இருவகை வஸ்தி, நசியம் என்பன அவ்வைந்து. நசியத்தை அவர் உபவாச நாளினின்றும் விலக்கினமையால், உடலைப் பேணும் நாள் வேறு, உயிரைப் பேணும் நாள் வேறு என்னும் குறிப்பை நாம் பெறலாம். மருத்துவ நூலும் இதற்கு அரண் செய்கிறது. உடலை இளைக்கச் செய்யும் இலங்கனம் பத்து வகை என்பார் சரகர். பேதியும் அவற்றுள் ஒன்று. உபவாசமும் அவற்றுள் ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தல் ஒரு சுமையின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுதலாகும். சேதராப்பட்டு மூதாட்டியார்க்கு நேர்ந்தது இதுவே என்பது எம் எண்ணம். நீரிழிவு மாத்திரை மூன்றாவது சுமையாயிற்று.

நான்காவது, துய்ப்புப் பொருள்களுக்கு எல்லை வகுக்கும் விரதத்தில், பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமான ஈர இஞ்சி, முள்ளங்கி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ முதலியவற்றை விலக்கச் சொன்னவர், தன் உடலுக்கு ஒவ்வாததையும் விலக்கச் சொல்கிறார். அறநூல் தடுக்காத உணவாயினும், வயிற்றுவலி முதலிய துன்பம் தருமாயின் அதனை விடுதலும் விரதமே. அவ்விரதத்தை ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள், ஒரு பருவம் எனக் கால எல்லையிட்டும் ஏற்கலாம் என்றும் கூறுகிறார். இதனினும் எளிய, இதனினும் உயர்ந்த உணவுத் தூய்மை வேறு யாது?

ஏறும் படியும் இறங்கும் படியும்

ஆயுர்வேதத்தில் பேதி முதலியவற்றால் உடலைத் தூய்மை செய்தபின், செரிமானத் தீ சிறுபொறியாய் நலிந்திருக்கும். அதன்மேல் ஒரேயடியாகச் சோற்றைக் கொட்டினால் அணைந்துவிடும். ஆதலின் முதலில் நீர்த்த கஞ்சி, அடுத்துக் கெட்டியான கஞ்சி, பின்னர்ப் பயற்றுச் சாறு, அதன்பின் குழைந்த சோறு எனப் படிப்படியே ஏற வேண்டும். தூய்மை பெரிதாயின் ஒவ்வொரு படியிலும் மூன்று வேளை, நடுத்தரமாயின் இரண்டு, சிறிதாயின் ஒன்று என்பது கணக்கு. பண்டை மருத்துவ நூல்கள் இறுதியில் சேர்க்கும் புலால் சாற்றினை விடுத்து, பயற்றஞ் சாற்றோடு நிறைவு செய்தலே நமக்கு உரியது.

வாழவேண்டியவர்க்கு வகுத்த இப்படி, கஞ்சியிலிருந்து சோற்றுக்கு ஏறுகிறது. வாழ்வு நிறைவுற்றவர்க்குச் சமந்தபத்திரர் வகுத்த படி, சோற்றிலிருந்து பாலுக்கும், பாலிலிருந்து நீருக்கும் இறங்குகிறது. யார் ஏறவேண்டும், யார் இறங்கவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தல் தகாது. சமந்தபத்திரரைப் போன்ற பேரறிஞரே இறங்க எண்ணியபோது, ஏறுவாயாக என்று ஆணையிட ஒரு குரு வேண்டியிருந்தது. நமக்கு அறத்தில் குருவும், நோயில் மருத்துவரும் வேண்டுமென்பதில் ஐயமில்லை.

இல்லத்தில் செய்யத்தக்கவை எளியவை. வமனம், வஸ்தி போன்றவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே செய்யத்தக்கன. வீட்டில் நாம் செய்யக்கூடியது, உணவை எளிதாக்கி வயிற்றுக்கு ஓய்வளித்தலே. ஞாயிறு மறையுமுன் இரவுணவை முடித்தல், வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் பருகுதல், சில நாட்கள் எண்ணெய்ப் பண்டங்களை விடுத்துச் சுக்கும் மிளகும் சீரகமும் இட்ட கஞ்சியும் பாசிப்பயற்று நீரும் உட்கொள்ளுதல் ஆகியவை போதும். ஈர இஞ்சியை விலக்கும் நாம் உலர்ந்த சுக்கைப் பயன்கொள்கிறோம். தேனை விலக்கும் நாம் மருந்துக்குத் துணையாக வெல்லத்தையோ சர்க்கரையையோ கொள்கிறோம். முதியோர், சிறுவர், கருவுற்றோர், உடல் மெலிந்தோர், நீரிழிவு முதலியவற்றிற்கு மருந்து உட்கொள்வோர் ஆகியோர், மருத்துவரைக் கேளாமல் பேதி மருந்தையும் நீண்ட பட்டினியையும் மேற்கொள்ளலாகாது. பசி மிகுந்தவரைப் பட்டினியிடுவதும், பசியற்றவரை ஊட்டுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே.

நிறைவு

சேதராப்பட்டு இல்லத்தில் அன்று மாலை, விளக்கேற்றியபின் இவ்வரலாற்றை யாம் கூறி முடித்தோம். மூதாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அவ்வளவு பெரிய ஆசாரியருக்கே உண்ணுமாறு குரு ஆணையிட்டார் எனின், தமக்கு மருத்துவர் சொல்வதைக் கேட்பதில் என்ன இழுக்கு என்று தாமே கூறிக்கொண்டார். அடுத்த சதுர்த்தசிக்கு உபவாசத்திற்கு மாறாக, மருத்துவரின் இசைவோடு எளிய உணவும், பகலெல்லாம் சுயம்பு தோத்திரப் பாராயணமும் ஏற்பதென முடிவு செய்தார். பேரனும் ஏழு நாள் சாற்று விரதத்தைக் கைவிட்டு, ஒரு திங்கள் இரவில் உண்ணாமை என்னும் நியமத்தை ஏற்றார். ஆலையில் வேலைநேரம் மாறிமாறி வருவதால் அது எளிதன்று என்பதை அறிந்தே ஏற்றார்.

உடலை வெறுப்பதும் தவமன்று. உடலுக்கு அடிமையாவதும் வாழ்வன்று. அறத்திற்கு உதவும் வரையில் உடலை அளவோடு ஊட்டி, தூய்மையாகக் காத்து, உதவாத காலத்தில் அமைதியோடு விடுதலே சமந்தபத்திரர் தம் வாழ்வால் காட்டிய நெறி. மீந்த சோற்றால் நோய் நீங்கியதை அறிந்த அவ்வாசாரியரை, உண்ணும் நாளிலும் உண்ணா நாளிலும் ஒருங்கே நினைத்து வணங்குவோமாக. ஜினதருமம் வாழ்க, நல்லறம் ஓங்குக.